முட்டுக்காட்டில் ஐந்து நாள்: கிழக்கே கடல், மேற்கே கழி

ஞாயிறு, பிப்ரவரி 9, 2025

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளி ராத்திரி கிளம்பி ஞாயிறு சாயங்காலம் திரும்புவார்கள். அதைத் தலைகீழாக மாற்றினால் எல்லா வகையிலும் லாபம். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குத் திருவான்மியூரை விட்டால், நீலாங்கரைப் பக்கம் சாலை அகலப்படுத்தும் வேலையில் கொஞ்சம் ஊர்ந்தாலும் அக்கரை தாண்டியதும் வழி விட்டுவிடுகிறது. நெரிசலெல்லாம் எதிர்ப்பக்கம், மகாபலிபுரத்திலிருந்து திரும்பும் வண்டிகளில். வாடகையும் குறைவு. இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வெள்ளி, சனி இரவுகளில் 9,000 ரூபாய் கேட்கிறார்கள்; ஞாயிறு முதல் வியாழன் வரை 5,500. இதோடு சுத்தம் செய்ய 1,000, திருப்பித் தரும் முன்பணம் 5,000.

இடம் முட்டுக்காடு பாலத்துக்குத் தெற்கே, கோவளத்துக்கு முன்னால். நான்கு மாடியில் மூன்று பிளாக், 48 வீடுகள். கிழக்கு பார்த்த வீடுகளுக்குக் கடல், மேற்கு பார்த்த வீடுகளுக்குக் கழி, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் உப்பங்கழி. கடல் பக்கத்துக்குத்தான் கிராக்கி. பிப்ரவரியில் அதில் நியாயம் உண்டு: மதியத்துக்கு மேல் பால்கனி நிழலாகிவிடும், காற்று இரவு வரை நிற்காது. கழிப் பக்கம் ஐநூறு ரூபாய் குறைவு. சாயங்கால வெயில் நேராக உள்ளே விழும், கொசுவும் உண்டு; ஐந்தே முக்காலுக்கே வலைக் கதவை இழுத்துச் சாத்த வேண்டும். ஆனால் பறவை பார்க்கிறவர்கள் கழிப் பக்கம்தான் எடுக்க வேண்டும். காலை ஆறரை மணிக்கு அந்த பால்கனியில் தெரிவதைக் கடல் பக்கம் காட்டாது.

முதல் தடங்கல் கேட்டில். இந்த மாதிரிக் குடியிருப்புகளில் வீட்டுக்காரர் செயலியில் விருந்தாளிகளின் பெயர், வண்டி எண், எத்தனை நாள் என்று முதல் நாளே போட்டுவிட வேண்டும். வாடகைக்கு விடும் வீடுகள் பெருகியதிலிருந்து அசோசியேஷன் இதில் கறாராக இருக்கிறது. வீட்டுக்காரர் மறந்துவிட்டார், இருபது நிமிடம் வெயிலில் வண்டி நின்றது. "சார், பேரு லிஸ்ட்ல வரல. ஓனர் போட்டாதான் கேட் திறக்க முடியும்" என்ற காவலர், அதோடு விட்டுவிடாமல் தன் நாற்காலியை நிழலில் இழுத்துப் போட்டு, ஒரு பாட்டில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். சட்டத்தையும் விடவில்லை, மரியாதையையும் விடவில்லை. முன்பணம் கட்டும்போதே "கேட் பாஸ் போட்டாச்சா, படம் அனுப்புங்க" என்று கேட்டு வாங்கிவிடுவது நல்லது. வீட்டில் தங்கும் ஒவ்வொருவரின் அடையாள அட்டை நகலும் கேட்டில் வேண்டும்; ஒருவருடையது மட்டும் போதாது.

நீச்சல் குளத்தில் ஞாயிறு மூன்று மணிக்கு அறுபது பேராவது இருந்தார்கள். நான்கு மணிக்குத் தண்ணீர் பால் கலந்தது போல ஆனது, ஐந்து மணிக்குக் குளத்தை மூடிவிட்டார்கள். காரணம் இரண்டு. வெயிலும் கடற்காற்றும் சேர்ந்து குளோரினைச் சீக்கிரம் தின்றுவிடும். கூட்டம் ஏறும்போது கூடுதலாகப் போடாவிட்டால் அளவு விழுந்துவிடும். அடுத்தது பருத்தித் துணி. டி-ஷர்ட், அரைக்கால் சட்டையோடு இறங்கினால் நூலும் பஞ்சும் உதிர்ந்து வடிகட்டியை அடைக்கும். "நைலான் உடை மட்டும்" என்று பலகை வைத்திருப்பது அதற்காகத்தான். குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், பி.எச். 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். குளத்தைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சோதனைப் பெட்டி இருக்கும். கேட்டால் காட்டுகிறார்கள், கேட்பதில் தப்பில்லை. இரவு முழுக்க அதிகக் குளோரின் போட்டு ஓடவிட்டு, மறுநாள் மதியம்தான் திறந்தார்கள். குழந்தைகளை அழைத்து வருகிறவர்கள் வார நாளைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு காரணம் போதும்.

இரவு எட்டு மணிக்கு லிஃப்ட் நின்றது. கதவு மூட வரும், பாதியில் திறந்துகொள்ளும். மறுபடி மூட வரும், திறந்துகொள்ளும். கரண்டும் இருந்தது, மோட்டாரும் பழுதில்லை. கடற்கரையிலிருந்து வந்த கால்களும் குழந்தைகளின் வாளிகளும் கொட்டிய மணல், கதவு ஓடும் தரைத் தடத்தில் இறுகிவிட்டது. கதவு தடுக்கியதும் ஏதோ நடுவில் மாட்டியிருக்கிறது என்று லிஃப்ட் நினைத்துக்கொள்ளும். காவலர் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தடத்தைச் சுரண்டி எடுத்தார்; ஒரு கைப்பிடி மணல். பத்து நிமிட வேலை. கடற்கரைக் கதவுக்கு உள்ளே கால் கழுவும் குழாய் இருக்கிறது. அதைத் தாண்டி வருகிற ஒவ்வொருவரும் அரை நிமிடம் நின்றிருந்தால் நாலாவது மாடிப் பாட்டி படியேறியிருக்க வேண்டாம்.

திங்கள், பிப்ரவரி 10

காலை ஆறரைக்கு விடிகிறது. ஏழு மணிக்குள் கோவளம் கரைக்குப் போய்விட வேண்டும். ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாக ஏறும், டிராக்டர் இழுத்து மேட்டில் விடும். படகு கரையேறும் நேர்க்கோட்டில் நிற்கக் கூடாது. அலை தூக்கிவிட்டால் படகு நினைத்த இடத்தில் நிற்காது. மணலில் விரித்துக் கிடக்கும் வலையை மிதிக்கவே கூடாது. செருப்பின் கொக்கியில் ஒரு கண்ணி அறுந்தால் அதைக் கோக்க ஒருவர் உட்கார வேண்டும். இந்தக் கரை அவர்கள் தொழில் செய்யும் இடம், நாம் நடுவே நடந்து போகிறவர்கள். சில குடியிருப்புகளில் தங்களுக்கு முன்னால் இருக்கும் மணலையும் தங்களுடையது போலப் பேசுகிறார்கள். அது அப்படி இல்லை. அலை ஏறி இறங்கும் மணல் பொதுவானது, வலை காயவைக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

விலை: சங்கரா கிலோ 350, நெத்திலி 250, வஞ்சிரம் 1,000-க்கு மேல், கடல் நண்டு 400. பொடி மீனைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள், கூறு 200. சுத்தம் செய்ய கிலோவுக்கு 50. "இத்த எடுத்துக்கோம்மா, ஐஸ் படாத மீனு" என்று ஓர் அம்மா சங்கராவின் செவுளைத் திறந்து காட்டினார். உள்ளே ரத்தச் சிவப்பு. விலையில் இருபது ரூபாய் குறைத்தார். அதற்கு மேல் கேட்டதும் சிரித்துக்கொண்டே மீனைத் திருப்பிக் கூடையில் போட்டுவிட்டார். அதோடு பேரம் முடிந்தது என்று அர்த்தம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது ஃபைபர் படகு மீன் மட்டுமே வரும், விலை ஏறிவிடும். மீனுக்காகவே வருகிறவர்கள் அந்த இரண்டு மாதத்தைத் தவிர்க்கலாம்.

சமையலறையில் இரண்டு விஷயம். வாடகை வீடுகளில் பெரும்பாலும் இண்டக்ஷன் அடுப்புதான். மண்சட்டி, அலுமினியச் சட்டி எதுவும் அதில் சூடேறாது. பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால்தான் வேலை செய்யும். மீன் குழம்புக்கு மண்சட்டி தூக்கிக்கொண்டு வருவது வீண். அடி தட்டையான இரும்புச் சட்டி ஒன்று கொண்டுவந்தால் வறுவலும் ஆகும், குழம்பும் ஆகும். இன்னொன்று குப்பை. மீன் கழிவைக் காலை எட்டரைக்கு வரும் பச்சை வாளியில் போட்டாக வேண்டும். அதைத் தவறவிட்டால் மறுநாள் வரை வீட்டுக்குள்தான் இருக்கும். வெளியே வைத்தால் காக்காயும் பூனையும் மாடி முழுக்கப் பரப்பிவிடும். கழிவைப் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, மறுநாள் காலை எடுத்துப் போடுவது எளிய வழி.

மதியம் துவரம்பருப்பு வேகவில்லை. குக்கர் ஆறு விசில் விட்டும் பருப்பு முழுதாக நின்றது. பருப்பு பழசு என்று நினைக்கத் தோன்றும், குற்றம் தண்ணீரில். குழாயில் வருவது போர்வெல் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்தது. கையடக்க மீட்டரில் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 1,700 மில்லிகிராமுக்கு மேல் காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு 500; வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. இந்தத் தண்ணீரில் இருக்கும் சுண்ணமும் மக்னீசியமும் பருப்பை இளகவிடாமல் பிடித்துக்கொள்ளும். பருப்பு, கொண்டைக்கடலை, டீ, இட்லி மாவு எல்லாவற்றுக்கும் ஆர்.ஓ. தண்ணீர்தான். அரிசி கழுவ, பாத்திரம் தேய்க்க, குளிக்க மட்டும் குழாய். சோப்பு நுரைக்காது; தலைக்குக் குளித்தால் கடைசி ஒரு சொம்பு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் முடி சிக்காது.

இது ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால், தங்கும் நாட்களில் குழாயைத் திறக்கும் கை தானாகக் குறையும். திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை கரையோரம் முழுக்க மணல்மேடு. மழை மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் நல்ல தண்ணீராக மிதக்கிறது. நல்ல தண்ணீர் லேசானது, அதனால்தான் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடிக்கு நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு உப்பைத் தள்ளிவைக்கும். மேலே அந்த ஓர் அடியை உறிஞ்சிவிட்டால், கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரும். அந்தக் காலத்தில் குப்பத்துக் கிணறுகள் ஆழமில்லாமல், கை எட்டும் தூரத்தில் தண்ணீரோடு இருந்ததற்கு அதுதான் சூட்சுமம்: மேலாக மொண்டால் இனிப்பு, ஆழமாகப் போனால் உப்பு. இருநூறு அடி போர் போட்ட அடுக்குமாடிகள் அந்தக் கணக்கைக் கலைத்துவிட்டன.

48 வீடு, வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான கணக்கில் நாளைக்கு ஏறக்குறைய 26,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி இரண்டு வந்தும் இரண்டாயிரம் குறையும். நீச்சல் குளமும் புல்தரையும் தனி. சாலையில் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. 2013-ல் நாளைக்கு 10 கோடி லிட்டரோடு தொடங்கியது, 2024-ல் 15 கோடி லிட்டருக்கு இரண்டாவதும் திறந்தார்கள். இந்தக் குடியிருப்புக்குக் குழாய் இன்னும் வரவில்லை. லாரி காலை ஐந்தரைக்கு வந்து சம்ப்பில் இறக்கும். அந்த மோட்டார் சத்தத்தில்தான் முதல் பிளாக் விழிக்கிறது. ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். அந்தக் கழிவுக் குழாயை ஒரு வாளியில் விட்டால் பால்கனி துடைக்கவும் கழிப்பறைக்கும் ஆகும். செடிக்கு ஊற்றக் கூடாது. உப்பு இன்னும் கூடியிருக்கும்.

மதியம் முதலைப் பண்ணைக்குப் போகலாம் என்று கிளம்பியது வீண். வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை. முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை. இரண்டையும் மாற்றி நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் வாசலில் நிறைய. வண்டியை வடக்கே திருப்பி தட்சிணசித்ராவுக்குப் போனதில் ஒரு நல்லது நடந்தது. செட்டிநாட்டு வீட்டில்தான் எல்லோரும் நின்று படம் எடுக்கிறார்கள். கடலோரத்தில் தங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது கடலோர ஆந்திராவின் அரிபுரத்திலிருந்து வந்த வட்ட வீடு. மண் சுவர் வட்டமாகச் சுற்றி வருகிறது. ஓலைக்கூரை தாழ இறங்கி, குனிந்துதான் நுழைய வேண்டும். புயல்காற்று பிடித்துத் தள்ள அதில் மூலையும் இல்லை, நிமிர்ந்த சுவரும் இல்லை. உள்ளே மதிய வெயிலிலும் குளிர்ச்சி. அதைப் பார்த்துவிட்டு வந்து, கடலைப் பார்த்த நம் கண்ணாடிச் சுவரைப் பார்க்கும்போது யோசனை வருகிறது.

செவ்வாய், பிப்ரவரி 11

தைப்பூசம், அரசு விடுமுறை. திருப்போரூர் போகும் வண்டிகளும் காவடிகளும் கேளம்பாக்கம் பக்கம் நெருக்கும். கோயிலுக்கு இல்லையென்றால் இன்று வண்டியை எடுக்காமல் இருப்பதே மேல். திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாள் கோயில் பக்கம்தான், நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலையோடு வருவார்கள். எட்டு மணிக்கு முன்னால் போனால் நிதானமாகச் சேவிக்கலாம்.

வீட்டில் விடிந்ததும் இருட்டு. பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது என்றால் கோளாறு மின்வாரியத்தில் இல்லை, வீட்டுக்குள். கதவுக்குப் பின்னால் இருக்கும் பெட்டியில் ஈ.எல்.சி.பி., அதாவது மின்கசிவு ஏற்பட்டால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், விழுந்திருந்தது. கடலோர வீடுகளில் இதுதான் அதிகம் நடக்கும் பழுது, தெரிந்து வைத்துக்கொண்டால் பயமில்லை. பெட்டியில் உள்ள சின்ன சுவிட்சுகள் எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். பெரியதை, அதாவது ஈ.எல்.சி.பி.யை, மேலே தள்ளுங்கள், நிற்கும். இப்போது சின்னதை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது பெரியது விழுகிறதோ அந்த லைனில்தான் கசிவு. அதை மட்டும் இறக்கியே விட்டுவிட்டு மற்றதை ஏற்றினால் ஃபேன், ஃப்ரிட்ஜ், விளக்கு எல்லாம் ஓடும். விழுகிற சுவிட்சைப் பிடித்து நிறுத்துவது, டேப் ஒட்டுவது உயிருக்கு ஆபத்து. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும்படி அதைச் செய்திருப்பது நம் உயிரைக் காக்கத்தான்.

இங்கே கசிந்தது கீசர் லைன். பத்தரைக்கு வந்த எலெக்ட்ரீஷியன், தண்ணீரைச் சூடாக்கும் காயிலை வெளியே இழுத்துக் காட்டினார். சுண்ணாம்பு முட்டை ஓடு மாதிரி படிந்து, அதற்கடியில் உறையில் ஊசிமுனை அளவு ஓட்டைகள். "இந்தத் தண்ணிக்கு வருஷம் ஒண்ணு மாத்தியே ஆகணும் சார்" என்றார். உள்ளே மக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். உப்பு முதலில் அதைத்தான் தின்னும், காயில் தப்பிக்கும். அந்தக் கம்பி கரைந்து நூலாகியிருந்தது. அதைக் காலத்தில் மாற்றியிருந்தால் காயில் தப்பியிருக்கும். காயில் 900, கம்பி 350, கூலி 400. வீட்டுக்காரர் கணக்கு, படம் எடுத்து அனுப்பிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கச் சொல்ல வேண்டும்.

துணி துவைத்துக் காயப்போட்டால் நான்கு மணிக்கு எடுத்துவிடுங்கள். காலையில் மொறுமொறுவென்று காய்ந்த துண்டு, இரவு பத்து மணிக்குப் பிசுபிசுக்கும். காற்றில் வந்த உப்பு நூலில் ஒட்டிக்கொள்கிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்பளம் பொரித்துப் பத்து நிமிடம் வைத்தால் நமத்துப்போவதும், தீப்பெட்டி பற்றாததும் அதனால்தான். பொரித்ததும் டப்பாவில் போட்டு மூட வேண்டும்.

புதன், பிப்ரவரி 12

கழியில் துடுப்புப் படகு. குடியிருப்பின் படித்துறையில் நான்கு கயாக், மணிக்கு 300 ரூபாய், உயிர்காப்பு உடையோடு. இதில் நேரம்தான் எல்லாமே. படித்துறை கழியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. பதினொரு மணிக்குமேல் கடற்காற்று எழும்பும். கிழக்கிலிருந்து அடித்து உங்களைக் கேளம்பாக்கம் பக்கம் தள்ளும். போகும்போது சுகமாக இருக்கும், திரும்பும்போது கை ஓய்ந்துவிடும். ஆறே முக்காலுக்கு இறங்கி ஒன்பதரைக்குள் கரையேறிவிட வேண்டும். பாலத்தடிப் பக்கம் போகவே கூடாது. கடல் வற்றும் நேரத்தில் கழித்தண்ணீர் முழுவதும் அந்தக் குறுகிய வழியாக முகத்துவாரத்துக்கு ஓடும். பௌர்ணமி, அமாவாசையில் அந்த இழுப்பு மற்ற நாளைவிட அதிகம். இன்று பௌர்ணமி. சென்னைக் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான், ஆனால் அவ்வளவு பெரிய கழியிலிருந்து அந்த ஒரு மீட்டர் வடிவதை நினைத்துப் பாருங்கள்.

படகிலிருந்து சேற்றில் காலை வைக்காதீர்கள். முழங்கால் வரை இறங்கும், அடியில் சிப்பி ஓடு கத்தி மாதிரி இருக்கும். பின்பட்டை வைத்த செருப்பு கட்டாயம். தண்ணீர் வற்றும்போது வரும் அழுகிய முட்டை நாற்றத்தைச் சாக்கடை என்று பலர் புகார் எழுதுகிறார்கள். காற்றுப் படாத சேறு வெளியே வரும்போது வழக்கமாக வரும் வாடை அது. தண்ணீர் ஏறியதும் போய்விடும்.

ஏழரைக்கு மேற்குப் பக்கம் சேற்றுத் திட்டில் பவளக்கால் உள்ளான்கள், ஒரு கரண்டிவாயன் கூட்டம், தூரத்தில் வரிசையாகப் பூநாரைகள். நூறு அடிக்குள் போனால் எழுந்துவிடும்; எழுப்பிப் படம் எடுப்பது பாவம், நெடுந்தூரம் பறந்து இரை தேடி வந்திருக்கும் பறவைகள். துடுப்பைப் படகின் குறுக்கே வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் அவையே நெருங்கி மேயும். கரண்டிவாயன் வாயைத் தண்ணீரில் அமிழ்த்தி, தலையை இடதும் வலதுமாக, புல் அறுப்பது போல வீசிக்கொண்டே நடக்கிறது. அலகுக்குள் ஏதாவது பட்டால் மட்டும் நிற்கும், அண்ணாந்து விழுங்கும், மறுபடி வீச்சு.

மதியச் சாப்பாடு கோவளம் கடற்கரையில். வறுத்த மீன் துண்டு 120. மசாலா தடவி வெளியில் அடுக்கி வைத்திருப்பதை விட்டுவிட்டு, மீனைக் கண்முன் வெட்டித் தடவச் சொன்னால் செய்கிறார்கள், கால் மணி நேரம் ஆகும். இளநீர் 60. இந்தக் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடி, அதாவது சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்குத் தரும் சர்வதேசச் சான்று, கிடைத்தது. குளிக்க எல்லை கட்டி, உயிர்காக்கும் ஆட்களை நிறுத்தியிருக்கிறார்கள். குளிப்பது என்றால் அந்த எல்லைக்குள் மட்டும்தான். குடியிருப்புக்கு நேர் எதிரே இருக்கும் கடல் அமைதியாகத் தெரியும். இரண்டு பக்கமும் அலை உடைந்து, நடுவில் மட்டும் உடையாமல் கலங்கலாக ஒரு பாதை தெரிந்தால் அதுதான் உள்ளே இழுக்கும் நீரோட்டம். அமைதியான இடம் என்று அதில்தான் குழந்தைகளை இறக்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு திரும்ப வேண்டும்.

சாயங்காலம் சூரியன் கழியில் இறங்க, கிட்டத்தட்ட அதே நேரத்தில் கடலில் நிலா எழுந்தது. மொட்டை மாடியில் நின்றால் இரண்டும் தெரியும். மாடியில் இருபது பேர் இருந்தும் பேச்சில்லை.

ஒன்பது மணிக்கு அசோசியேஷன் ஆள் ஒவ்வொரு வீடாக வந்து, கடல் பக்க விளக்கை அணைக்கச் சொன்னார். ஆமைக் காலம். பங்குனி ஆமைகள் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இந்த மணலில் முட்டையிட ஏறுகின்றன, பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல். ஒரு குழியில் நூறுக்குமேல் முட்டை; பொரிய 45 முதல் 60 நாள். குஞ்சுகள் வெளிச்சமான பக்கத்தை நோக்கி ஓடும். விளக்கில்லாத கரையில் அந்தப் பக்கம் கடல்தான். நம் மதில்மேல் வெள்ளை எல்.இ.டி. எரிந்தால் குஞ்சு கடலை விட்டுச் சாலைக்கு நடக்கும். பால்கனி விளக்கை அணைத்தால் மட்டும் போதாது. உள்ளே கூடத்து விளக்கு கண்ணாடி வழியாக மணல் வரை விழும், திரையை இழுக்க வேண்டும். இந்த ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மூச்செடுக்க மேலே வர வேண்டும். இழுவலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலைப் படகுகள் வரக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கடலில் நடப்பதை விருந்தாளியால் தடுக்க முடியாது, திரையை இழுக்க முடியும். மூன்றாவது மாடியில் ஒரு வீடு மட்டும் பதினோரு மணி வரை பால்கனியில் சரவிளக்கு எரியவிட்டது. காவலர் மூன்று முறை ஏறி இறங்கினார்.

வியாழன், பிப்ரவரி 13

காலை ஐந்தே முக்காலுக்கு மணலில் ஒரு தடம். டிராக்டர் சக்கரம் போல, முக்கால் மீட்டர் அகலம், இரண்டு பக்கக் கோடும் மாறி மாறி. ஏறிய தடமும் இறங்கிய தடமும் மேலே ஒரு கலைந்த மணல் வட்டத்தில் சேர்ந்தன. ஆமைக் காவலுக்கு நடக்கும் இளைஞர்கள் ஏற்கெனவே முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு எடுத்துப் போயிருந்தார்கள். அவர்கள் வருமுன் தடம் தெரிந்தால் அதை அழிக்காமல், குழியைத் தோண்டிப் பார்க்காமல், காவலரிடம் சொன்னால் போதும்.

பதினொரு மணிக்கு வீட்டைக் காலி செய்ய வேண்டும். முன்பணத்தில் பிடிக்கும் சண்டை பெரும்பாலும் துருவைப் பற்றித்தான் வரும். பால்கனி எவர்சில்வர் கம்பியில் பழுப்புக் கறையைக் காட்டி, "நீங்க ஏதோ ஊத்தியிருக்கீங்க" என்பார்கள். 304 ரக எஃகு கடற்காற்றில் தானாகவே அப்படித்தான் பழுக்கும்; கடலோரத்துக்கு மாலிப்டினம் சேர்த்த 316 போட வேண்டும், அது விலை அதிகம் என்று கட்டுநர்கள் விட்டுவிடுகிறார்கள். வந்த அன்றே கம்பி, ஜன்னல் கீல், குழாய், ஏ.சி. வெளி யூனிட் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருந்ததால் இந்த முறை பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்தது, 5,000 முழுதாகத் திரும்பியது. அந்த வெளி யூனிட்டைப் பற்றி வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மாதம் ஒரு முறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, குறைந்த வேகத்தில் நல்ல தண்ணீர் விட்டுத் தகடுகளைக் கழுவச் சொல்லுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கிவிடும். உப்பு அடைத்த யூனிட் 24-ல் வைத்தாலும் 28-க்குக் கீழே இறக்காது. முதல் இரண்டு இரவும் எங்கள் படுக்கையறையில் அதுதான் நிலைமை.

காரை ஊருக்குப் போனதும் கழுவிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாமல் அன்றைக்கே, முக்கியமாக அடிப்பக்கம், நல்ல தண்ணீரில் அலச வேண்டும். ஐந்து நாள் கடலோரம் நின்ற வண்டியின் பிரேக் தட்டில் செம்மண் பூசியது போல இருக்கும்; முதல் இரண்டு பிரேக்கில் கரகரக்கும், பிறகு சரியாகிவிடும்.

வழியில் கானாத்தூரில் பனங்கிழங்கு. பத்துக் கிழங்கு ஒரு கட்டு 60 ரூபாய். தோலை உரித்து, மஞ்சளும் உப்பும் போட்டு, கிழங்கு மூழ்கத் தண்ணீர் விட்டு குக்கரில் ஐந்து விசில். நடுநரம்பை உருவிவிட்டுச் சாப்பிட வேண்டும். "மாசி பொறந்தா முத்திடும்க்கா, நாரு தட்டும், இப்பவே வாங்கிக்கங்க" என்றார் விற்கிற அம்மா. மாசி பிறந்தது இன்றைக்குத்தான். இரண்டு கட்டு வாங்கியது.